எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு வைரஸ் சோதனை: மலைமேல் இருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

ஒரு திங்கட்கிழமை காலையில் கோத்தகிரிப் பக்கத்து அக்கா ஒருவர் வந்து நின்றார். வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் மாற்றி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாலு நாளாக அசதி, சோறு இறங்கவில்லை, ஜுரமோ 99-ஐத் தாண்டவில்லை. கையில் ஏற்கெனவே எடுத்த ரிப்போர்ட் ஒன்று. "சி.எம்.வி. ஐ.ஜி.எம். நெகடிவ்னு போட்டிருக்குதுங்க தம்பி. அப்போ வைரஸ் இல்லைன்னுதானுங்களே?"

குன்னூரில் லேப் டெக்னீஷியனாக இருபது வருடத்துக்கு மேல் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேறு வைரஸ் பெயரில் இதே கேள்வி மாதம் ஒருமுறையாவது வரும். சி.எம்.வி. என்பது சைட்டோமெகலோ என்ற வைரஸ். ஐ.ஜி.எம். என்பது அந்த வைரஸ் அல்ல, வைரஸைப் பார்த்து உடம்பு செய்யும் ஆன்டிபாடி, அதாவது உடம்பு போடுகிற சத்தம். திருடன் வந்தால் நாய் குரைக்கும், சரி. அந்த நாய்க்கே மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தால்? மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் செய்வது அதைத்தான். குரைப்புக் கேட்கவில்லை என்பதால் வீட்டுக்குள் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. உள்ளே போய்த் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். எதைத் தேடுவது, உடம்பில் எங்கிருந்து எடுப்பது, எந்தக் குழாயில், எத்தனை மணி நேரத்துக்குள், வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பக்கம் பலவீனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"எதிர்ப்புச் சக்தி கம்மி" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வேலியில் எந்த இடத்தில் ஓட்டை என்பதைப் பொறுத்துத்தான் எது நுழையும் என்பது இருக்கிறது.

டாக்ரோலிமஸ், மைக்கோபெனோலேட் போன்ற, மாற்றிய உறுப்பைக் காக்கும் மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிடுகிறவர்களுக்கு டி-செல் என்கிற வெள்ளையணு சரியாக வேலை செய்யாது. ஏற்கெனவே உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ்கள் எழுந்துகொள்வது இவர்களுக்குத்தான்: சி.எம்.வி., ஈ.பி.வி. (எப்ஸ்டீன்-பார் வைரஸ்), ஹெர்ப்பஸ், அக்கி, சிறுநீரகம் மாற்றியவர் என்றால் பி.கே. வைரஸ். ரிட்டுக்சிமாப் ஊசி போட்டவர்களுக்கு ஆன்டிபாடி செய்யும் பி-செல்களே காணாமல் போய்விடும். அவர்களிடம் ஆன்டிபாடி சோதனை செய்வது வற்றிய கிணற்றில் வாளியை இறக்குவது மாதிரி. கீமோ எடுப்பவர்களுக்கு நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு எண்ணிக்கை விழும். அதில் வைரஸைவிட பாக்டீரியாதான் முதல் எதிரி. கீமோ முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் ஜுரம் 100.4-ஐத் தொட்டு இறங்காமல் நின்றால் லேப்புக்கு வராதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதில் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு சி.டி.4 என்கிற டி-செல் எண்ணிக்கைதான் அளவுகோல். 200-க்குக் கீழே போனால் கவனம், 50-க்குக் கீழே போனால் சி.எம்.வி. கண்ணையே தாக்கலாம்.

ஸ்டீராய்டு விஷயத்தில் ஒன்று. மூட்டுவலிக்கு என்று பொட்டலத்தில் பெயர் இல்லாத பொடியும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரை திடீரென்று ஏறியிருக்கிறது என்றால் அந்தப் பொட்டலத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துச் சீட்டில் இல்லை என்பதால் மருந்தே இல்லை என்று ஆகாது.

அப்புறம் காலம். உறுப்பு மாற்றிய முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் ஆஸ்பத்திரித் தொற்று. ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை சி.எம்.வி., பி.கே. காலம். சி.எம்.வி.யைத் தடுக்க மூன்று மாதமோ ஆறு மாதமோ வால்கான்சைக்ளோவிர் கொடுப்பார்கள். அதை நிறுத்திய அடுத்த மூன்று மாதம்தான் உண்மையில் ஆபத்தான காலம், ஏனென்றால் அப்போது எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த அக்காவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, மாத்திரையை எப்போது நிறுத்தினார்கள் என்பதுதான். ஏழு வாரம் ஆகியிருந்தது.

இரண்டாம் படி: மருந்து தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை

ஆன்டிபாடி சோதனை வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு நேரம் உண்டு. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உடம்பில் ஏறுவதற்கு முந்தின நாள் வரை அது நல்ல சாட்சி. உள்ளே யார் யார் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள் என்று அது சொல்லும். ஐ.ஜி.ஜி. என்பது பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி. சி.எம்.வி. ஐ.ஜி.ஜி., ஈ.பி.வி. ஐ.ஜி.ஜி., சின்னம்மைக்கான ஐ.ஜி.ஜி., எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி. இவ்வளவும் அப்போதே எடுத்து வைக்க வேண்டும். நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. உறுப்பைக் கொடுத்தவருக்கு பாசிட்டிவ், வாங்கியவருக்கு நெகடிவ் என்ற ஜோடிதான் ஆபத்து அதிகமானது.

இந்தப் பட்டியலில் நான் சண்டை போட்டாவது எடுக்கச் சொல்வது ஹெப்படைட்டிஸ் பி. எல்லோரும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. (அந்த வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்ற சோதனை) மட்டும் எடுத்து, நெகடிவ் என்றதும் விட்டுவிடுகிறார்கள். எப்போதோ வந்து போன ஹெப்படைட்டிஸ் பி ரத்தத்தில் மறைந்தாலும் கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும். அதைக் காட்டுவது கோர் ஆன்டிபாடி. அதிலும் 'டோட்டல்' கேட்க வேண்டும், 'ஐ.ஜி.எம்.' மட்டும் எடுத்தால் பழையது தெரியாது. அது பாசிட்டிவ் என்றால், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து ஏறியதும் அந்த வைரஸ் கிளம்பிக் கல்லீரலையே சாய்த்துவிடலாம். இதற்காகவே 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிட்டுக்சிமாப் மருந்துக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. முன்கூட்டித் தெரிந்தால் தினம் ஒரு மாத்திரையில் தடுத்துவிடலாம். ரிட்டுக்சிமாப் முடிந்தும் குறைந்தது ஒரு வருடம் அந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது. இடையில் ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் டி.என்.ஏ. பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

ஒரு சிக்கலும் உண்டு. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தாலோ அடுத்தவர் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் ஓடும். சோதனை பாசிட்டிவ் காட்டும், ஆனால் அது உங்களுடையது அல்ல. ஏற்றுவதற்கு முன் எடுங்கள்.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை ஆன்டிபாடி சோதனை இன்றைக்கும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது, வேலூர் சி.எம்.சி.யில் செய்த அப்படிப்பட்ட சோதனையால்தான். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இது இலவசம், சம்மதம் கேட்டுத்தான் எடுப்பார்கள், முடிவை அடுத்தவரிடம் சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஊர் சிறியது, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கோவைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். போகட்டும், எங்கே எடுத்தால் என்ன, எடுத்தால் சரி. தொற்றியதாகச் சந்தேகப்படும் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் எடுத்து நெகடிவ் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. மருந்தான ஏ.ஆர்.டி. தொடங்கிய பின் எண்ண வேண்டியது ஆன்டிபாடியை அல்ல, வைரஸ் அளவை: ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை.

மூன்றாம் படி: உபாதை எங்கேயோ அங்கே தேடுங்கள்

முதலில் ஜுரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு ஜுரத்தை அமுக்கிவிடும். இவர்களுக்கு 99-ம் ஒரு தகவல்தான்.

*மாற்றுச் சிறுநீரகம், காரணம் தெரியாத அசதி, வெள்ளையணுக்கள் குறைவு.* ரத்தத்தில் சி.எம்.வி. பி.சி.ஆர். (வைரஸின் மரபுப் பொருளையே தேடும் சோதனை), அதிலும் அளவு சொல்லும் சோதனை. வெறும் 'இருக்கிறது, இல்லை' என்று சொல்லும் சோதனை இங்கே உதவாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சத்தமில்லாமல் ஏறினால் பி.கே. வைரஸையும் பாருங்கள். அது முதலில் சிறுநீரில் தெரியும், பிறகு ரத்தத்தில், கடைசியில் சிறுநீரகத்தில். ஏறுகிற வரை உடம்புக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அதனால்தான் முதல் ஒன்பது மாதம் மாதம் ஒருமுறை, பிறகு இரண்டு வருடம் முடியும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். பி.கே.யைக் கொல்ல நிரூபணமான மருந்து கிடையாது. எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மருந்தைக் குறைப்பதுதான் வைத்தியம், அதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறார்களோ அவ்வளவு நல்லது.

*தோல்.* ஒரு பக்கமாக, ஒரு பட்டையாக எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அது அக்கி. மலைக்கிராமங்களில் இன்றைக்கும் காவி குழைத்து அக்கி எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள். யாருடைய நம்பிக்கையையும் நான் கேலி செய்வதில்லை. ஆனால் காவிக்கு அடியில் எது புதுக் கொப்புளம், எது காய்ந்தது என்று எனக்குத் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் மாதிரி) எடுத்த பிறகு எழுதுங்கள். புதுக் கொப்புளத்தின் மேல்தோலை நீக்கி அடித்தளத்தை நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும், நீர் மட்டும் போதாது. கொப்புளம் காய்ந்துவிட்டால் பொருக்கும் பி.சி.ஆருக்கு ஆகும். பழைய முறையில் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பதும் உண்டு. அதில் ஹெர்ப்பஸ் குடும்பம் என்று தெரியுமே ஒழிய, அக்கியா சாதாரண ஹெர்ப்பஸா என்று பிரியாது.

மூன்று நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் பரவியிருந்தால் அது அவசரம். அரிதாகச் சிலருக்குத் தோலில் ஒன்றுமே இல்லாமல் கடுமையான வயிற்றுவலியாக மட்டும் இந்த வைரஸ் வரும், அப்போது ரத்தத்தில் பி.சி.ஆர். பார்க்க வேண்டும். இன்னொன்று: அக்கிக்கும் சின்னம்மைக்கும் ஒரே வைரஸ்தான். வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கட்டியாயிற்று, தண்ணீர் ஊற்றும் வரை யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று காத்திருப்பது வழக்கம். அந்த வீட்டில் கீமோ எடுப்பவர் இருந்தால் காத்திருக்கக் கூடாது. அம்மை பட்ட பத்து நாளுக்குள் அவருக்குத் தடுப்பு இம்யூனோகுளோபுலின் கொடுக்க வழி உண்டு. குழந்தை வீட்டில் இருக்கட்டும், அவர் அன்றைக்கே மருத்துவரிடம் போகட்டும்.

*மூச்சு.* வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறும். ஃப்ளூ, கோவிட், ஆர்.எஸ்.வி. (மூச்சுக்குழாயைத் தாக்கும் இன்னொரு வைரஸ்) மூன்றுக்கும் மூக்கின் பின்புறம் வரை ஸ்வாப் போக வேண்டும், ஓரத்தில் தொட்டு எடுப்பது கணக்கில் வராது. ரேபிட் கிட் பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகடிவ் என்றால் இவர்களைப் பொறுத்தவரை அது முடிவே அல்ல, பி.சி.ஆர். வேண்டும். இருமலும் இருந்து, எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழலும் தெரிந்து, மூக்கு ஸ்வாபில் ஒன்றும் வரவில்லை என்றால், குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரில்தான் பதில் இருக்கும். அதற்குக் கோவை போன்ற பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆக்ஸிமீட்டர் பற்றி மலைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நல்ல உடம்புக்காரருக்கே கீழே இருப்பதைவிட இங்கே எண் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் உங்கள் எண் என்ன என்று எழுதி வையுங்கள். ஜுரம் வந்தபின் அதோடு ஒப்பிடுங்கள். டிசம்பர் காலையில் விரல் ஐஸாக இருக்கும்போது வைத்தால் மெஷின் எதையாவது காட்டும். கையை அடுப்புப் பக்கம் சூடாக்கிவிட்டு வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து, வீட்டுக்குள் நாலு நடை நடந்ததும் நாலு புள்ளி இறங்கினால் அது நல்ல அறிகுறி இல்லை.

*வயிறு.* நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு என்றால் மலத்தில் நோரோவைரஸ், அடினோவைரஸ். நோரோ சாதாரண ஆளுக்கு மூன்று நாளில் போய்விடும், இவர்களுக்கு மாதக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். ரத்தமாகப் போனால் சி.எம்.வி. குடலில் இருக்கலாம். அப்போது ரத்த பி.சி.ஆர். நெகடிவ் வந்தாலும் விடக்கூடாது, எண்டோஸ்கோபியில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

*கண்.* கண்ணுக்கு முன் கொசு பறக்கிற மாதிரி, ஓரத்தில் திரை விழுகிற மாதிரி இருந்தால் ரத்தச் சோதனைக்கு வராதீர்கள். கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் கண் மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்.

*மூளை.* பேச்சுக் குழறல், நடத்தை மாற்றம், வலிப்பு என்றால் தண்டுவட நீரில் பி.சி.ஆர். ஹெர்ப்பஸ் மூளைக் காய்ச்சலில் முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்தால் நெகடிவ் வரக்கூடும். சந்தேகம் பலமாக இருந்தால் சில நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள், அதுவரை மருந்தை நிறுத்த மாட்டார்கள்.

*திடீர் ரத்தசோகை.* கூடலூர், பந்தலூர் பக்கத்துக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரைக் கோளாறு) இருப்பதை 1952-இலேயே லேமனும் கட்புஷும் பதிவு செய்தார்கள். இந்தியாவில் அது முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் மலை. அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கு மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துபோவதுண்டு, அதனால் அவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்தான். அவர்களைச் சாய்க்கிற வைரஸ் பார்வோ பி19. நல்ல உடம்பில் சிவப்பணு 120 நாள் வாழும், அரிவாள் செல்லில் பத்து இருபது நாள்தான். பார்வோ வந்து எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியை ஒரு வாரம் நிறுத்தினால் நமக்கு ஒன்றும் தெரியாது, அவர்களுக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்று இருந்தது மளமளவென்று இறங்கிவிடும்.

இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. முதலில் ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கை பாருங்கள், எந்தச் சின்ன லேப்பிலும் ஒரு நீலச் சாயமும் மைக்ராஸ்கோப்பும் இருந்தால் போதும். அரிவாள் செல்காரருக்கு வழக்கமாக அது அதிகமாக இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் விழுந்திருக்கும்போது அது 1 சதவீதத்துக்கும் கீழே என்றால் உற்பத்தி நின்றுவிட்டது என்று அர்த்தம். ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப அதுவே போதும், வைரஸ் பெயர் பிறகு வரட்டும். உறுதி செய்யப் பார்வோ டி.என்.ஏ. பி.சி.ஆர். உறுப்பு மாற்றியவர்களுக்கும் ரத்தம் ஏற்ற ஏற்றத் திரும்ப வரும் ரத்தசோகைக்கு இதே வைரஸ் காரணமாக இருக்கலாம். அவர்களிடமும் ஐ.ஜி.எம். சும்மா இருக்கும்.

நான்காம் படி: குழாயும் மலைப்பாதையும்

என்னைக் கேட்டால் நம் ஊரில் பாதிச் சோதனைகள் கெடுவது மெஷினில் அல்ல, மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியாறு வளைவுகளில்தான்.

குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம் இருப்பதால் எல்லா வைரஸும் அங்கே பார்ப்பார்கள் என்று நினைத்துக் குழாயோடு போய் நிற்கிறவர்கள் உண்டு. அது முதன்மையாகத் தடுப்பூசிக்குப் பேர்போன இடம். சி.எம்.வி., பி.கே. அளவுச் சோதனைகள் பெரும்பாலும் மலையிறங்கித்தான் போகின்றன. அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் சில.

எந்தக் குழாய்? பி.சி.ஆருக்கு ஊதா மூடி. பச்சை மூடிக் குழாயில் ஹெப்பரின் இருக்கும், அது பி.சி.ஆர். வினையையே முடக்கிவிடும், நெகடிவ் மாதிரித் தெரியும், அல்லது சோதனை செல்லாது என்று திரும்பி வரும். டயாலிசிஸ் குழாயிலிருந்தோ, ஹெப்பரின் போட்ட லைனிலிருந்தோ எடுத்தால் முதல் ரத்தத்தைத் தள்ளிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஸ்வாபில் மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் பஞ்சும் ஆகாது. பிளாஸ்டிக் குச்சி, செயற்கை இழை நுனி. எடுத்ததும் வைரஸ் கடத்தும் திரவத்தில் முக்கி, 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் மூன்று நாள் வரை தாங்கும். காய்ந்த ஸ்வாபைக் கவரில் போட்டுக் கொடுத்தால் தூக்கிப் போடுவதற்குத்தான்.

எத்தனை மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, பிரிக்கிறார்கள்? பல லேப்கள் 24 மணி நேரம் என்கின்றன, சில இன்னும் குறைவு. இதில் நானே பட்டிருக்கிறேன். சில வருடம் முன்பு எங்கள் குடும்பத்திலேயே ஒருவருக்கு ஒரு கலெக்‌ஷன் சென்டரில் சனிக்கிழமை மாலை ரத்தம் கொடுத்தோம். அவர்கள் பிரிக்காமலே வைத்திருந்து திங்கட்கிழமைதான் வண்டியேற்றினார்கள். வைரஸ் அளவு முந்தின வாரத்தைவிடப் பல மடங்கு என்று வந்தது, வீடே ஆடிப்போனது. வெள்ளையணுக்கள் குழாயிலேயே உடைந்து உள்ளிருந்த வைரஸ் டி.என்.ஏ. பிளாஸ்மாவில் கசிந்திருக்கிறது. மறுபடி ஒழுங்காக எடுத்ததில் பழைய அளவேதான். எச்.ஐ.வி. போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ் என்றால் இது தலைகீழாக நடக்கும், தாமதத்தில் ஆர்.என்.ஏ. சிதைந்து அளவு குறைவாகக் காட்டும்.

ஆகவே வெள்ளி, சனியில் கொடுக்காதீர்கள். திங்கள் முதல் வியாழன், காலை முதல் வேலையாக. இங்கேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து அனுப்பும் லேப் என்றால் மிகவும் நல்லது. ஏப்ரல், மே சுற்றுலா சீசனில் மேலே ஏறக் குன்னூர் வழி, இறங்கக் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைக்குப் போக்குவரத்தே கிடையாது. கிளம்பும் முன் பாதை நிலவரம் கேளுங்கள். நீங்களே எடுத்துப் போகிறீர்கள் என்றால் ரத்தம் எடுத்த குழாயை ஐஸ்மேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்து சிவப்பணு உடைந்துவிடும். ஜெல் பேக்கைச் செய்தித்தாளில் சுற்றி, குழாயை நிமிர்த்தி வையுங்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயில் வேறு ஊர்.

ரத்தம் எடுக்க வரும்போது கையைச் சூடாக வைத்துக்கொண்டு வாருங்கள். குளிரில் நரம்பு ஒளிந்துகொள்ளும். தேடித்தேடிக் குத்தி இழுத்தால் ரத்தம் நுரைத்து உடையும், பிறகு அந்தக் குழாயும் வீண்.

ஐந்தாம் படி: எண்ணைப் படிப்பது

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது எண் அல்ல, அலகு. சி.எம்.வி.க்கு 2010-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோல் வந்தபின் 'சர்வதேச அலகு' என்று போடுகிறார்கள். சில இடங்களில் இன்னும் 'பிரதிகள்' என்று இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. பிளாஸ்மாவில் எடுத்ததையும் முழு ரத்தத்தில் எடுத்ததையும் ஒப்பிடக்கூடாது. அதனால் ஒரு லேப், ஒரே வகைக் குழாய் என்று கடைசி வரை போங்கள். விலை கம்மி என்று நடுவில் மாற்றினால் வரிசையே அறுந்துபோகும்.

அடுத்தது லாக், அதாவது எண் பத்தின் எத்தனையாவது அடுக்கு என்பது. 1,000 என்றால் 3, 10,000 என்றால் 4, அவ்வளவுதான். போன வாரம் 1,200, இந்த வாரம் 2,800 என்றால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே என்று தோன்றும். லாக்கில் பார்த்தால் 3.08, 3.45. வித்தியாசம் அரை லாக்கைத் தொடவில்லை. இது மெஷினின் ஊசலாட்டமாகவே இருக்கலாம். 1,200 என்பது 9,000 ஆனால் 3.08 என்பது 3.95, இது உண்மையான ஏற்றம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு தாண்டினால்தான் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் மறுபடி எடுப்பதும் காசுக்குக் கேடு.

'கண்டறியப்பட்டது, அளவிட முடியாத அளவு' என்று ஒரு வரி வரும். இருக்கிறது, ஆனால் எண்ண முடியாத அளவு கொஞ்சம் என்று பொருள். சிகிச்சை முடிகிற நேரத்தில் இது நல்ல செய்தி, மாத்திரை நிறுத்தி ஆறாவது வாரம் என்றால் கவனிக்க வேண்டிய செய்தி. ஒரே வரிதான், நாள்காட்டிதான் பொருளை மாற்றுகிறது.

மூச்சுக்குழாய் வைரஸ் ரிப்போர்ட்டில் சி.டி. மதிப்பு (வைரஸ் தெரிய பி.சி.ஆர். எத்தனை சுற்று ஓட வேண்டியிருந்தது என்ற எண்) போட்டிருந்தால் அதை வைத்து நோயின் கடுமையை எடை போடாதீர்கள். ஸ்வாப் எப்படி எடுத்தார்கள் என்பதிலேயே அது மாறிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவாக இருப்பதும் உண்டு. சாதாரண ஆளுக்கு அது செத்த வைரஸின் துணுக்கு என்று விடலாம், இவர்களுக்கு அப்படி விட முடியாது.

பாசிட்டிவ் எல்லாம் நோய் அல்ல

சிறுநீரிலோ எச்சிலிலோ சி.எம்.வி. தெரிவது, எச்சிலில் ஈ.பி.வி. தெரிவது, இதெல்லாம் நோய் இல்லாமலும் வரும். எச்.எச்.வி.-6 என்ற வைரஸ் சிலருக்குப் பிறவியிலேயே குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும், நூற்றில் ஒருவருக்கு என்ற கணக்கில். அவர்களுக்கு எப்போது எடுத்தாலும் அளவு லட்சக்கணக்கில் வரும், நோய் இருக்காது. ஒரே ஸ்வாபில் இருபது வைரஸ் பார்க்கும் பேனல் சோதனைகளை எல்லோருக்கும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. காசும் போகும், சம்பந்தமில்லாத ஒரு பெயரும் வீட்டுக்கு வந்து தூக்கத்தைக் கெடுக்கும். நுரையீரலில் நிழல் இருக்கிறது, ஆள் சோர்ந்திருக்கிறார் என்றால் அது வேறு, அங்கே பேனல் நேரத்தை மிச்சப்படுத்தும்.

முடிவு வரும் வரை

அக்கி பளிச்சென்று தெரிகிறது, மூளைக் காய்ச்சல் சந்தேகம், ஃப்ளூ சீசனில் ஜுரமும் இருமலும் என்றால் மருத்துவர்கள் சோதனை எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும், நம் குழாய் கீழே போய்ச் சேரவே அதில் ஒரு நாள் ஆகிவிடும். "வைரஸே உறுதியாகலையே, எதுக்கு மாத்திரை?" என்று சண்டை போடாதீர்கள். அதேபோல டாக்ரோலிமஸ் மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் கூடாது.

அக்காவின் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே ஊதா மூடிக் குழாயில் எடுத்து, இங்கேயே பிரித்து அனுப்பினோம். புதன்கிழமை வந்தது: 8,400 சர்வதேச அலகு. மருத்துவர் வால்கான்சைக்ளோவிரை மறுபடி தொடங்கினார். முதல் வாரம் அளவு இறங்கவே இல்லை, அக்கா அழுதுவிட்டார். முதல் வாரத்தில் அப்படி இருப்பது சகஜம் என்று அவரிடம் சொன்னேன். மூன்றாம் வாரம் 900. அந்த மாத்திரையே வெள்ளையணுக்களைக் குறைக்கும் என்பதால் ஒவ்வொரு வாரமும் கூடவே ரத்த அணு எண்ணிக்கையும் பார்த்தோம்.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்லியிருந்தேன். தேதி, எடுத்த மணி, எந்தக் குழாய், எந்த லேப், எண், லாக், அந்த வாரம் மருந்தில் என்ன மாற்றம். கடைசியாக அவர் வந்த திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டிருந்தது, முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் கையை நீட்டுவதற்கு முன் அக்கா நோட்டை நீட்டினார். மணி எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார். ஊசியை எடுத்ததும் கடிகாரத்தைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார்: 7.40.